ஊற்றாத தண்ணீர்

என் பெண்டாட்டி ரெங்கம்மாள் ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாள். ஊரே ஏரிக்கரையில் தேங்காய் உடைத்துத் தண்ணீரைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம். இவள் மட்டும் மண்வெட்டியோடு கொல்லைக்குப் போய், குளிக்கிற கல்லிலிருந்து மரத்துக்கு ஓடும் வாய்க்காலை மண் போட்டு அடைத்தாள். அடைத்த மண்ணின் மேல் ஏறி நின்று நாலு மிதி மிதித்தாள்.

"இன்னையிலேருந்து இங்க யாரும் குளிக்கக் கூடாது" என்றாள்.

யாரும் என்றால் வீட்டில் நானும் அவளும்தான். மகளைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அப்ப நான் எங்க புள்ள குளிக்கிறது?"

"ஏரிக்குப் போ."

"எருமை முங்குற அளவுக்குக்கூட அங்க தண்ணி இல்லியே."

"எருமைகிட்ட கேட்டுக்கிட்டுக் குளி."

எண்பத்திரண்டாம் வருஷம் அது. மழை எங்களை மறந்தே போயிருந்தது. நான் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தேன். இடது கால் கட்டைவிரலை அங்கே ஒரு கல்லுக்குக் கொடுத்தவன். அதற்கப்புறம் அந்தக் காலில் செருப்பு நிற்காது, வெறுங்காலோடுதான் எங்கும் நடப்பேன். சாயங்காலம் வெள்ளையடித்த சுவர் மாதிரி வீடு திரும்பி, மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து இரண்டு குடம் தலையில் ஊற்றிக்கொண்டால்தான் நான் மனுஷன். அந்தத் தண்ணீர் வீணாகாமல் மரத்துக்குப் போகும். ஏழு வருஷமாக நானும் மரமும் ஒன்றாகக் குளித்தவர்கள்.

நான் வைத்த மரம். ஏலாக்குறிச்சித் திருவிழாச் சந்தையில் ஒரு சாண் கன்றாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "கைப்புள்ளைக்கு டிக்கெட் வேணாம்" என்று கண்டக்டர் கேலி பேசினார். அதற்குத் தண்ணீர் கிடையாது என்று ஒருத்தி சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு, அதற்கு முந்தின சித்திரையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருக் காளியம்மனுக்குச் சித்திரைத் திருவிழாவில் நூற்றெட்டு எலுமிச்சங்காயில் மாலை போடுவது வழக்கம். அந்த மாதத்தில் எலுமிச்சை கிடைப்பது குதிரைக்கொம்பு. மேலத்தெரு வேணுகோபாலின் தோட்டத்தில் மட்டும்தான் இருக்கும். நானூறு மரம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கே வேலை செய்தவர்கள். வருஷா வருஷம் அவர் மாட்டுவண்டியில் ஒரு மூட்டையோடு வந்து தெருமுனையில் நிற்பார். உள்ளே வர மாட்டார், வண்டியை விட்டு இறங்கவும் மாட்டார். வண்டிக்காரன் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கவிழ்ப்பான். காய்கள் புழுதியில் உருண்டோடும். எங்கள் பெண்கள் குனிந்து பொறுக்குவார்கள். கழுவிக்கொண்டால் போயிற்று என்று எல்லாரும் பேசாமல் இருந்தோம். நானும் இருந்தேன், அதை மறைக்கவில்லை.

அந்த வருஷம் ஒரு காய் உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. ரெங்கம்மாள் பொறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, அம்மன் கழுத்துக்குப் போற காய். ஒரு கூடையில குடுத்தா என்னங்க?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "ஏன் ரெங்கம்மா, உன் வூட்லயும்தான் ஒரு மரம் நிக்குது. சித்திரையில அதுல ஒரு காய் காட்டு பாப்போம். கோழி அடையறதுக்கா வெச்சிருக்க?"

வண்டிக்காரன் சிரித்தான். எங்கள் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். ரெங்கம்மாள் மடியில் இருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அடுத்த சித்திரைக்கு நீங்க கொண்டாராதீங்க. எங்க மரத்துக் காய்லதான் மாலை."

"இல்லாமப் போச்சுன்னா?"

"உங்க வாசல்ல வந்து நின்னு முந்தானைய ஏந்திக் கேக்குறேன்."

தெரு மொத்தமும் கேட்டது. எங்கள் மரம் ஆடியில் காய்க்கும். அப்போது சும்மா கொடுத்தால்கூட வாங்க ஆள் இருக்காது. சித்திரையில் இலையும் முள்ளும்தான். இவள் எந்தத் தைரியத்தில் இப்படிச் சவால் விட்டாள் என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன்.

"அவரு தோட்டத்துல பதினோரு வருசம் தண்ணி கட்டுனவ நானு. அங்க சித்திரைக் காய் எப்புடி வருதுன்னு அவருக்கு முன்னாடி எனக்குத் தெரியும்" என்றாள். "ஆடி பதினெட்டோட ஆயில் இன்ஜின நிறுத்திப்புடுவாங்க. நாப்பது, நாப்பத்தஞ்சு நாளு சொட்டுத் தண்ணி கிடையாது. இலை சுருண்டு பாதி உதிரும். அப்பறம் எருவைப் போட்டுத் தண்ணியத் தொறந்தா, செத்தோம்னு நெனச்ச மரம் பூவாக் கொட்டும். அந்தப் பூவுதான் சித்திரையில காயி. நம்ம மரத்துக்கு நீ தெனம் குளிச்சு ஊத்துற. அதுக்கு என்ன கவலை, எதுக்குப் பூக்கணும்?"

சொன்னால் சுலபமாக இருக்கிறது. பார்க்கத்தான் முடியவில்லை.

இருபது நாளில் இலைகள் உள்பக்கமாகச் சுருள ஆரம்பித்தன. இருபத்தைந்தாம் நாள் மத்தியானத்தில் மரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. தெருவில் பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டு இருசம்மாள், ரெங்கம்மாளோடு கூடப் பிறக்காத அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நேராகவே சொன்னாள்.

"அடி ரெங்கம்மா, பச்ச மரத்த வாட விட்டா மழ எப்புடிடீ வரும்? வானம் பாத்துக்கிட்டுல்ல இருக்கு."

"வானம் பாக்கட்டும்க்கா. நானும் அதத்தான் பாக்குறேன்."

ஆனால் ஒரு விஷயம் அவளுக்குப் புரியவில்லை. மத்தியானம் தொங்குகிற மரம் விடிந்தால் நிமிர்ந்துவிடுகிறது. ஒரு இலைகூட உதிரவில்லை. முப்பதாம் நாள் களைக்கொத்தால் தூர் ஓரமாக ஒரு சாண் தோண்டிப் பார்த்தாள். ஈரம்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்தான். குவாரி லாரி விடியற்காலையில் வந்துவிடும். கிளம்புகிற இருட்டில், தொட்டியிலிருந்து ஒரு குடம் மொண்டு மரத்தின் தூரில் சத்தமில்லாமல் சாய்த்துவிட்டுப் போவேன். ஒரு குடத்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மடியில் வைத்துக் கொண்டு வந்தவன் நான். அவள் சவாலும் எனக்கு வேண்டும், மரமும் எனக்கு வேண்டும். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் துணிச்சல் இல்லை.

ரெங்கம்மாள் நேரே வேலிக்குப் போனாள். "நீதானே ஊத்துற? மழ வரணும்னு ஊத்துற. என் மானம் போனாலும் பரவால்ல உனக்கு."

"யாருடீ ஊத்துனா? என் வூட்டுக்கே நாலு குடந்தான் வருது, இதுல உன் மரத்துக்கு ஊத்துறனா?"

பேச்சு முற்றிப் பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. யார் யாருக்குப் பிரசவம் பார்த்தார்கள், யார் யாருக்குக் கஞ்சி கொடுத்தார்கள் என்பது வரை. கடைசியில் இருசம்மாள், "இனிமே உன் வூட்டு வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு" என்று உள்ளே போய்விட்டாள். நான் திண்ணையில் சோறு தின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முப்பத்து மூன்றாம் நாள் சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. தெரு முழுக்க வெளியே வந்து அண்ணாந்து நின்றது. ரெங்கம்மாள் மட்டும் யூரியா சாக்குகளையும் பழைய கீற்றுகளையும் இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். மரத்தடி முழுவதும் பரப்பி, ஓரத்தில் கல்லை வைத்து, சுற்றிலும் தண்ணீர் வடிய ஒரு பள்ளமும் பறித்தாள். ஊரே மழைக்குக் கை ஏந்தி நிற்க, இவள் மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். நாலு தூறல் விழுந்தது. அதோடு மேகம் கலைந்து போய்விட்டது.

அவ்வளவுதான். மழையை ரெங்கம்மாள் விரட்டிவிட்டாள் என்று பேச்சாகிவிட்டது. தெரு நாட்டாமை அரியமுத்து மறுநாளே கோயில் முன்னால் கூட்டம் கூட்டினார்.

"தெருவே காயுது ரெங்கம்மா. இதுல நீயும் ஒரு மரத்தக் காய வெச்சா நல்லால்ல. நாளைக்கு அதுக்குத் தண்ணி ஊத்திப்புடு" என்றார்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன்" என்றாள் அவள். "என் ஒத்த மரம் வாடறதாலதான் மழ நின்னுபோச்சா?"

"சனங்க அப்புடித்தான் சொல்லுது."

"மேலத்தெருத் தோட்டத்துல நானூறு மரம் வாடுது. ஆடி பதினெட்டுக்கு இன்ஜின நிறுத்துனாங்க, இன்னும் தொறக்கல. வருசா வருசம் நிறுத்துறாங்க. நீங்க எல்லாரும் அங்க வேலைக்குப் போறவங்கதான். மழ வரல, தண்ணிய ஊத்துங்கன்னு ஒருத்தராச்சும் அவருகிட்டப் போயிக் கேட்டீங்களா?"

அரியமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வேர்வை இல்லாமலேயே.

"இன்னும் பத்து நாளு குடுங்க. பத்தாம் நாளு நானே தண்ணி ஊத்துறேன்" என்றாள்.

கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "குவாரியிலேருந்து ஒரு சாக்கு வெள்ளப் பொடி கொண்டாய்யா" என்றாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் நல்ல நைஸ் பொடியாகப் பார்த்து அள்ளி, லாரியில் ஏற்றி, தோளில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தேன். புத்திசாலி என்றால் நான்தான்.

அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் வழக்கம்போல் ஒரு குடத்தைச் சாய்த்துவிட்டு லாரி ஏறிவிட்டேன். சாயங்காலம் வந்தால் கொல்லையில் கூட்டம். ரெங்கம்மாள், அரியமுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு இருசம்மாள். சாக்கையும் கீற்றையும் எடுத்துவிட்டு, மரத்தைச் சுற்றி, கிளை விழும் எல்லை வரை, ராத்திரி நான் தூங்கின பிறகு அந்த வெள்ளைப் பொடியை ஒரு விரல் கனத்துக்கு அவள் பரப்பியிருந்தாள். அதில் போகும்போதும் வரும்போதும் பதிந்த காலடிகள். எல்லா இடது காலடியிலும் கட்டைவிரல் இல்லை.

நான் என் காலைப் பார்த்தேன். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

"மரம் செத்துப்போயிருமோன்னு பயமா இருந்துச்சு" என்றேன். பொய் சொல்லவில்லை.

ரெங்கம்மாள் என்னைத் திட்டவில்லை. வேலியோரம் போய், "அக்கா, என்னை ரெண்டு அடி அடிச்சிரு" என்றாள். இருசம்மாள் உள்ளே போனாள். அப்புறம்தான் ரெங்கம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"ஊத்துனதுதான் ஊத்துன. அதுவும் தூர்லயா ஊத்துவ? எலுமிச்சை தூர்ல தண்ணி நின்னா பட்டை அழுகி பிசினு வடியும்னு தெரியாது? காப்பாத்துறேன்னு கொல்லப் பாத்திருக்க."

எனக்குக் கிடைத்த தண்டனை இதுதான். இருசம்மாளுக்கு விடியற்காலையில் நான் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைக்க வேண்டும். மீதி இருந்த நாட்களில் ராத்திரி முழுக்க மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "யாருன்னா, உன்னையும் சேத்துத்தான்" என்றாள்.

படுத்தேன். இலைகள் என் மேலேயே உதிர்ந்தன. நான் ஊற்றிய தண்ணீரால் கெட்ட நாட்களுக்கு ஈடாக அவள் அரியமுத்துவிடம் கேட்டு இன்னும் நாலைந்து நாள் நீட்டினாள். மரம் பாதி மொட்டையானது. ஒரு நாள் என்னால் தாங்க முடியாமல், "போதும் ரெங்கம்மா, முந்தானைய வேணா நான் ஏந்துறேன்" என்றுகூடச் சொன்னேன். அவள் ஒரு சுள்ளியை நகத்தால் கீறிக் காட்டினாள். உள்ளே பச்சை இருந்தது. "இது இருக்குற வரைக்கும் பயப்படாத" என்றாள். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுள்ளியையும் கீறிப் பார்த்துக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் மரத்தடி மண்ணை எடுத்து, மேல்வேர் தெரியும்படி காற்றாட விட்டாள். பிறகு இரண்டு கூடை ஆட்டுப் புழுக்கை, மட்கின குப்பை, இடித்த வேப்பம் புண்ணாக்கு எல்லாவற்றையும் கலந்து போட்டு மண்ணை மூடினாள். தூரைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து, தள்ளி ஒரு வட்டப் பள்ளம் பறித்தாள். தண்ணீர் அந்தப் பள்ளத்தில்தான் நிற்க வேண்டும், தூரைத் தொடக் கூடாது. கடலைப் புண்ணாக்கு ஊறிய கரைசல் ஒரு அண்டா தயாராக இருந்தது.

எல்லாம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. கிணற்றில் வீட்டுக்கு நாலு குடம் என்று கட்டுப்பாடு. மரத்துக்கு முதல் நாளே பத்துக் குடமாவது வேண்டும். எங்கள் நாலு குடத்தையும் ஊற்றிவிட்டு அவள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மண் அதைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டது.

அப்போது வேலிப்படல் திறந்தது. இருசம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். இருபது நாளைக்கு முன் மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாசல் வேறு, இது கொல்லை வழி என்பது அவள் கணக்கு.

"ஊத்தாத தண்ணிக்குப் பேரு வாங்குனேன்" என்றாள். "அந்தப் பேருக்காவது ஒரு குடம் ஊத்திட்டுப் போறேன்."

பள்ளத்தில் சாய்த்தாள். ரெங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் அரியமுத்து வீட்டிலிருந்து ஒரு குடம் வந்தது. அப்புறம் வீட்டுக்கு ஒன்றாக வர ஆரம்பித்தது. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன வாய்தானே, இப்போது சும்மா இருக்க முடியவில்லை.

ஐப்பசி பிறப்பதற்குள் மரம் பூத்தது. நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. மொட்டைக் கிளையெல்லாம் வெள்ளை. தெருமுனை வரை வாசனை வந்தது. மழை என்னவோ நாலு நாள் பெய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மார்கழி முதல் குவாரிக் குழியில் கிடந்த தண்ணீரை இரண்டு கேனில் பிடித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். சுண்ணாம்புத் தண்ணீர், இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் மஞ்சளானது. ரெங்கம்மாள் அரியலூர் கடைத்தெரு நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பு வாங்கிவந்து, கரைத்து, விளக்குமாற்றால் இலை இலையாகத் தெளித்தாள். உதிர்ந்த பிஞ்சைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. அவள் உதிராததை மட்டும்தான் பார்த்தாள்.

சித்திரையில் பறித்தோம். நூற்றெட்டுக்கு மேல் இருந்தது, சிறு சிறு காயாக, மஞ்சளும் பச்சையுமாக. இருசம்மாள் கோணி ஊசியால் கோத்தாள். மாலையைத் தாம்பாளத்தில் வைத்து அவளே தூக்கிக்கொள்ள, நாங்கள் பறையோடு கிளம்பியபோது, தெருமுனையில் அந்த மாட்டுவண்டி நின்றது. வேணுகோபால் மாலையைப் பார்த்தார்.

"சாதிச்சுட்ட ரெங்கம்மா" என்றார். மனசிலிருந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன். "ஆனா எங்க பாட்டன் காலத்துலேருந்து அம்மனுக்கு எங்க காய் போகுது. ஒண்ணாவது போகணும், வாங்கிக்க."

"தாங்கய்யா" என்று அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே, எங்களுக்கு எதையும் கொடுக்கிற பழக்கத்தில், கையில் படாமல் ஒரு முழ உயரத்திலிருந்து காயை விட்டார். ரெங்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். காய் புழுதியில் விழுந்தது.

பறை நின்றது. வண்டிக்காரன் எடுக்கக் குதித்தான்.

"நீ இருப்பா" என்றாள் அவள். "ஐயாதான் குடுக்கணும்னு ஆசைப்படுறாங்க. அம்மனுக்குப் போற காய், கையில குடுங்கய்யா."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அவர் எங்களைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். பிறகு வண்டியை விட்டு இறங்கினார். எங்கள் தெரு மண்ணில் அவர் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குனிந்து காயை எடுத்து, மேல்துண்டில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல் பட்டது.

"மாலை நிறைஞ்சு போச்சுங்கய்யா. இத அம்மன் காலடியில வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ரெங்கம்மாள் முன்னால் நடந்தாள். பறை மறுபடி எழுந்தது.

நான் அங்கேயே நின்று அழுதேன். எல்லாரும் பார்க்கத்தான் அழுதேன். தாம்பாளத்தோடு என்னைக் கடந்து போன இருசம்மாள் ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"ஊத்து தம்பி, ஊத்து" என்றாள். "இப்ப எவ்வளவு வேணா ஊத்தலாம்."